ஓபலுக்கு ஒரு தனிப்பட்டி

ஓபலின் கால் உடைந்ததற்கு என் புருஷன் மெர்வின்தான் காரணம். அந்தப் பிப்ரவரி முழுக்க இதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சர்ச்சில் சொன்னேன். மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளிடம் சொன்னேன். கல்கரியிலிருந்து போன் செய்த மகளிடம், அவள் வாயைத் திறப்பதற்குள் சொன்னேன். மெர்வின் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

ஓபல் ஒரு டெகு. உடம்பைப் பார்த்தால் அணில் என்பீர்கள், முகத்தைப் பார்த்தால் எலி என்பீர்கள். வால் நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு குஞ்சம். இரண்டு கையையும் சேர்த்தால் உள்ளே அடங்கிவிடுவாள். கூடப் பிறந்தவள் மிர்ட்டில். ஒரே ஈற்றில் பிறந்ததுகள், யார் அக்கா, யார் தங்கை என்று எங்களுக்குத் தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் தெற்கே ஒரு பண்ணை ஏலத்தில், ஸ்பேனர்கள் நிறைந்த ஒரு பெட்டிக்காக மெர்வின் கை தூக்கியிருக்கிறான். யாரும் கேட்காமல் கிடந்த கூண்டையும் ஏலக்காரன் அந்தப் பெட்டியோடு சேர்த்து இவன் தலையில் கட்டிவிட்டான்.

"ஸ்பேனர் வாங்கப் போனவன் எலி வாங்கிட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"எலி இல்ல நோரீன். டெகுவாம். சிலி நாட்டுக்காரங்க."

"பாஸ்போர்ட் இருக்கான்னு பாத்தியா?"

அந்த வருஷம்தான் ஊர்த் தானியக் கிடங்கை இடித்துத் தள்ளியிருந்தார்கள். முப்பத்தாறு வருஷம் அங்கே கோதுமை ஏற்றி இறக்கியவன், ஒரே நாளில் வீட்டோடு வந்துவிட்டான். காலையில் எழுந்து உட்காருவான், மத்தியானம் சாப்பிட உட்காருவான், அப்புறம் படுக்கப் போவான். என்ன கேட்டாலும் "ம்" என்பான். இந்த ரெண்டு வாண்டுகள் வந்த பிறகுதான் மனுஷன் வாயைத் திறந்தான். முதலில் அதுகளிடம் பேசினான், பிறகு போனால் போகிறதென்று என்னிடமும் பேசினான். மிர்ட்டில் கொஞ்சம் திமிர் பிடித்தவள். ஓபல் அப்படி இல்லை. கூண்டைத் திறந்தால் அவன் கை வழியாக ஏறிச் சட்டைப் பைக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற நூலையெல்லாம் கடித்துத் துப்புவாள். எத்தனை சட்டை தைத்திருப்பேன். எனக்கு அவள் மேல் பாசம் என்று ஒருநாளும் நான் ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் அவளுக்கு ஏதாவது ஆனால் இவன் மறுபடியும் "ம்" போட ஆரம்பித்துவிடுவான் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் கூண்டுக்குள் ஏறி இறங்க ஒரு சாய்வு ஏணி செய்கிறேன் என்று கிளம்பினான். மிச்சம் கிடந்த கம்பி வலையை வெட்டி வளைத்துக் கட்டினான். சனிக்கிழமை முழுக்க அதே வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நான் சூப்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஒரு கத்தல் கேட்டது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பின்னங்கால் வலைக் கண்ணில் மாட்டி, குதித்த வேகத்தில் முறுக்கிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். மெர்வின் கம்பியை வெட்டி எடுத்தான். அவன் அவசரத்தில் இன்னொரு காலையும் வெட்டிவிடுவானோ என்று பயந்தேன்.

சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிட்டது. வேகவைத்த பெரிய பீன்ஸ் கொட்டை மாதிரி, தோல் மினுமினுவென்று, விரல்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"கம்பி வலையா போடுவ? பலகை கிடைக்கலையா உனக்கு? கராஜ் முழுக்கப் பலகைதானே அடுக்கி வச்சிருக்க?"

"நகத்தால பிடிச்சு ஏற வசதியா இருக்கும்னு..."

"நல்லா ஏறினா."

அதற்குமேல் அவன் பேசவில்லை. நானும் நிறுத்தவில்லை.

மறுநாள் வெளியே மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி குளிர். ஓபலை ஒரு செருப்புப் பெட்டியில் துணி சுற்றி வைத்து, மெர்வின் தன் கோட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் ஊரில் இருப்பது மாட்டு டாக்டர் ஒருவர்தான், பெனர் என்று பெயர். தோள்வரை கையைப் பசுவுக்குள் விட்டே காலம் தள்ளிய மனுஷன், ஓபலை உள்ளங்கையில் வாங்கியதும் மூச்சுவிடவே யோசித்தார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக இருந்தது.

"கட்டுப் போட முடியாது நோரீன். பல்லால கடிச்சுக் கழட்டிடுவா, காலையும் சேத்துக் கடிச்சுக்குவா. ஏறித் தாவ ஒண்ணும் இல்லாத சின்ன இடமா பாத்து வைங்க. வலிக்குச் சொட்டு மருந்து தரேன். விரல் கறுத்துதுன்னா உடனே கொண்டாந்துடுங்க."

"பிழைச்சுக்குவாளா?"

"நான் மாட்டு டாக்டர். ரெஜைனாவுல சின்னப் பிராணிகளுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. போன்லயாவது ஒரு வார்த்தை கேட்டுக்குங்க." ஒரு சீட்டில் நம்பரை எழுதி நீட்டினார்.

"எதுக்கு டாக்டர்? நான் மாட்டுப் பண்ணையில பொறந்து வளந்தவ."

சீட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டர் சொன்னது சின்ன இடம். தனியாக வைக்கச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. எங்கள் அப்பாவிடம் இருநூறு மாடு இருந்தது. ஒன்று நொண்டினால், ஒன்று மூக்கு ஒழுகினால், அன்றைக்கே அது தனிப்பட்டிக்குப் போய்விடும். உள்ளே போகிறவன் பூட்ஸைக் கழுவிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். விட்டு வைத்தால் மற்றதுகள் முட்டித் தள்ளிக் கொன்றுவிடும். ஒரு மாசம் கழித்துத் தேறி வந்தால் மந்தையில் நாலு மாடு மோந்து பார்க்கும், அவ்வளவுதான், மறுபடியும் மேயப் போய்விடும். இருபது வயது வரைக்கும் இதையே பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையைப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் புல் பரப்பி, ஓபலை அங்கே கொண்டுபோய் வைத்தேன். மிர்ட்டில் மேலே கூடத்தில் இருந்தாள்.

"ஒரே கூண்டுல நடுவுல ஒரு தடுப்பு வச்சுடலாமே," என்றான் மெர்வின். "ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டாவது இருக்கட்டும். நாலு வருஷமா ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்கினதுங்க."

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். செஞ்ச வரைக்கும் போதும்."

"இல்ல நோரீன், அதுங்க ரெண்டும்..."

"உனக்கு என்ன தெரியும்? பிறந்ததிலேர்ந்து ஒரு கோழியாவது வளத்திருக்கியா? கோதுமையைக் கூட நீ வளக்கல, அடுத்தவன் வளத்ததை அள்ளிக் கொட்டின."

வாயை மூடிக்கொண்டான். எனக்கு அது திருப்தியாகக் கூட இருந்தது.

முதல் வாரம் நரகம். காலையும் மாலையும் ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை எடுத்து, உதட்டோரம் சொட்டுச் சொட்டாக விடுவேன். இதுகளுக்கு இனிப்பு ஆகாது, சர்க்கரை வந்து கண் போய்விடும். அதனால் பழம் காட்டி ஏமாற்றவும் வழியில்லை. ஒரே ஒரு ஓட்ஸ் மணியைக் காட்டித்தான் வாயைத் திறக்க வைத்தேன். நல்ல பிடி பிடிக்கவும் முடியாது, வாலைத் தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும். ஈரத்துணியைக் குளிர வைத்துக் காலில் ஒற்றி எடுப்பேன். நாலாம் நாள் வீக்கம் தொடைவரை ஏறி நாவல்பழ நிறமானது. கம்பி கிழித்த இடத்தில் நீர் கசிந்தது. கறுத்துவிட்டதா, இல்லையா என்று விளக்கடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலித்தது.

ஆனால் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இதுகளுக்குப் பேச்சு உண்டு. குருவி மாதிரிக் குழைந்து குழைந்து ஒரு சத்தம். கீழே ஓபல் ஆரம்பித்தால், வீட்டைச் சூடாக்கும் காற்று வருகிற தகரக் குழாய் வழியாக அது மேலே போய், மிர்ட்டில் பதில் கொடுப்பாள். மணிக்கணக்கில் இது நடந்தது. மெர்வின் தரையில் அந்தக் குழாயின் வாயருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

"கூப்பிடறா பாரு."

"கத்திக் கத்தி உடம்புல இருக்கற தெம்பெல்லாம் போகுது. நோயாளிக்கு ஓய்வு வேணாமா?" என்று சொல்லி, ஒரு துண்டைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்தேன். மூன்று நாளில் மேலேயும் சத்தம் நின்றது, கீழேயும் நின்றது. "பழகிட்டாங்க பாத்தியா?" என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன்.

இன்னொரு நாள் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். மிர்ட்டில் புரண்டு குளிக்கிற மணல்.

"இதுல மிர்ட்டில் வாசனை இருக்கும். ஓபலும் ஒரு தடவை புரண்டுக்கட்டுமே. ஆசைப்படுவா."

"புண்ணுல மணல் பட்டுச் சீழ் வைக்கணுமா? காலை உடைச்சது பத்தலையா?"

அவன் கையிலிருந்து பிடுங்கி, பின்கதவைத் திறந்து பனியில் கொட்டினேன். அவன் காலிக் கிண்ணத்தோடு படியேறிப் போனான்.

பத்தாம் நாள் ஓபல் சாப்பாட்டை நிறுத்தினாள். டெகுவின் பல் நல்ல ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். உதட்டை விலக்கிப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. அன்றைக்கு நான் உடைந்துவிட்டேன். துவைக்கும் மிஷினில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். "சாப்பிடுடி. என் தங்கமில்ல. மேல ஒருத்தன் பாதி உசுரா உக்காந்திருக்கான். நான் பேசின பேச்செல்லாம் அவன் நெஞ்சுல முள்ளா கிடக்கு. நீ எந்திரிச்சு வந்தாதான் அதைப் பிடுங்க முடியும். சாப்பிடுடி." மனுஷர்களிடம் இப்படி நான் பேசியதில்லை. இரண்டு நாள் கழித்துக் டான்டிலயன் என்கிற களைச்செடியின் காய்ந்த இலை ஒன்றை என் விரலிலிருந்து வாங்கிக் கொறித்தாள். நான் அழுதேன், பார்க்க யாரும் இல்லை என்பதால்.

அதிலிருந்து தேறினாள். வீக்கம் வடிய வடிய ஒவ்வொரு விரலாக வெளியே வந்தது, எல்லாம் ரோஜா நிறம். எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. காலை இழுத்து இழுத்து நடந்தாள், ஆனால் ஊன்றினாள். பெனர் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஆச்சரியந்தான் நோரீன், உங்க கைராசி," என்றார். அந்தச் சொல்லை ஒரு வாரம் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

இருபத்துநாலாம் நாள், வியாழக்கிழமை, மேலே கொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். காலையிலேயே மிர்ட்டிலை ஒரு வாளியில் விட்டுவிட்டு, பெரிய கூண்டை மூலை முடுக்கு விடாமல் பிளீச்சிங் போட்டுக் கழுவினேன். புதுப் புல், புது மணல். மெர்வின் பலகையில் ஒரு ஏணி செய்து, சிராய் இல்லாமல் வழுவழுவென்று தேய்த்து வைத்திருந்தான். முகத்தைச் சவரம் செய்துகொண்டு வந்து நின்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் சிரிப்பதைப் பார்த்தேன்.

"கொஞ்சம் கொஞ்சமா சேத்து விடலாமா? முதல்ல கம்பிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கமா..."

"கல்யாணப் பொண்ணா, மாப்பிள்ளையா? கூடப் பொறந்தவங்கதானே. நகரு."

மிர்ட்டிலைக் கூண்டுக்குள் விட்டேன். பிறகு ஓபலை இறக்கினேன்.

மிர்ட்டில் வந்தாள். மோந்து பார்த்தாள். முதுகு மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. வால் பக்கத்துக்குப் பக்கம் அடித்துக்கொண்டது. எனக்கு அது சந்தோஷமாகத்தான் தெரிந்தது. ஓபல் குழைந்து ஒரு சத்தம் கொடுத்து முகத்தை நீட்டினாள். மிர்ட்டில் பின்னங்காலில் எழுந்து நின்று அவள் மேல் பாய்ந்தாள்.

"நோரீன், எடு அவளை."

"இரு. மந்தையில மாடும் இப்படித்தான் ரெண்டு முட்டு முட்டும். அதுங்களே தீத்துக்கும்."

எவ்வளவு நேரம் அவனைத் தடுத்தேன்? பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். எழுந்து நின்று எதிர்க்க ஓபலுக்குக் கால் இல்லை. மல்லாந்து விழுந்தாள். பழைய கத்தல் மறுபடியும் கேட்டது. மெர்வின் என்னை இடித்துத் தள்ளிவிட்டு வெறுங்கையை உள்ளே விட்டான். மிர்ட்டில் அவன் கட்டைவிரலை எலும்புவரை கடித்தாள். அவன் கையை எடுக்கவில்லை. ஓபலை வெளியே எடுத்தபோது யார் ரத்தம் எது என்று தெரியவில்லை. கழுத்தில் இரண்டு ஆழமான ஓட்டை, வயிற்றோரம் ஒரு கிழிசல், சேர்ந்த எலும்பு மறுபடி விட்டுப்போய்க் கால் துணி மாதிரித் தொங்கியது.

போன் செய்தால், பெனர் டாக்டர் ஒரு பண்ணையில் இருக்கிறார், திரும்ப அரைமணி ஆகும் என்றார்கள். ஓபலைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு மெர்வின் கேட்டான்: "ரெஜைனா நம்பர் எங்க?"

கைப்பையின் அடியில் சீட்டு கசங்கிக் கிடந்தது. அவன் கை இரண்டும் வேலையாக இருந்ததால் நான்தான் பேசி நடந்ததைச் சொன்னேன், அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு.

"எத்தனை நாள் பிரிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள் அந்த டாக்டரம்மா.

"இருபத்துநாலு."

"பக்கத்துப் பக்கத்துலயா வச்சிருந்தீங்க? மணலையாவது மாத்தி மாத்திக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"ஏம்மா, ஒரு வாரம் பிரிஞ்சிருந்தாலே அதுங்களுக்கு அடையாளம் போயிடுமே. வாசனையை வச்சுத்தான் அதுங்களுக்குச் சொந்தம், பந்தம் எல்லாம். வீட்டுக்குள்ள வேற எவளோ புகுந்துட்டான்னு நினைச்சிருப்பா. அவ மேல தப்பில்ல."

"எங்களுக்கு யாரும் சொல்லலையே," என்றேன். சொல்லும்போதே என் வாய் எனக்குக் கசந்தது. சொன்னவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. துண்டை விலக்கி ஓபலின் நெற்றியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

பிக்கப்பை நான் ஓட்டினேன். வழியெல்லாம் காத்திருந்தேன், இப்போது என்னைக் குத்திக் கேட்பான், இப்போது கேட்பான் என்று. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அவனைக் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு கேட்டிருந்தால் கூடப் போதும். "மெர்வ், ஏதாவது சொல்லேன்," என்றேன். "ரோட்டைப் பாத்து ஓட்டு, வழுக்கும்," என்றான்.

பெனர் டாக்டர் பண்ணைப் பூட்ஸோடு நின்றார். துண்டை விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு மேல இவளை வதைக்கக் கூடாது. ஒரு ஊசி போட்டுடறேன், நிம்மதியா தூங்கிடுவா." பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "நல்லாத்தானே ஆறிக்கிட்டு வந்துது. எப்படி ஆச்சு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்குள் மெர்வின் பேசிவிட்டான்.

"நான்தான் டாக்டர். அவசரப்பட்டு ரெண்டையும் ஒண்ணா விட்டுட்டேன். நோரீன் வேணாம்னுதான் சொன்னா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா நோரீன்?"

மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். கைராசிக்காரி. இருபத்துநாலு நாள் ஊருக்கெல்லாம் புருஷன் குற்றத்தைச் சொல்லிச் சொல்லி, என் நாக்கு அந்த ஒரே தடத்தில் ஓடிப் பழகியிருந்தது.

"ஆமா டாக்டர்," என்றேன். "நான் சொன்னா என்னைக்குக் கேட்டிருக்கான்."

மெர்வின் தலையை ஆட்டினான். கட்டைவிரலில் சுற்றியிருந்த கைக்குட்டை நனைந்து மேஜையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட வசதியாக, ஓபலை அவனே திருப்பிப் பிடித்துக் கொடுத்தான்.